அப்பாவின் உப்புக் கணக்கு

போன வருஷம் ஆடி மாதம் ஒரு ராத்திரி. சாப்பிட்டு எழுந்த அப்பா, கை கழுவ வாஷ்பேசின் வரை போகவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தரை ஏன்டா ஆடுது?" என்றார்.

தரை ஆடவில்லை. நங்கநல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அந்த வீட்டில் உறுதியாக இருக்கும் ஒரே சமாசாரம் தரைதான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் பார்த்த நர்ஸ், மிஷினை நம்பாமல் அடுத்த கையிலும் ஒரு தடவை பார்த்தார். 184/112. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். இரண்டு நாள் படுக்கை. கிளம்பும்போது சொன்னார்: "மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. உப்பைக் குறைங்க."

முதல் வாக்கியத்தை அப்பா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். இரண்டாவதுக்கு, தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ஃபைல் பார்த்தவர் என்ன கேட்பாரோ அதைக் கேட்டார். "எவ்வளவு குறைக்கணும்னு ஆர்டர்ல இல்லியே, சார்?"

"ஒரு நாளைக்கு மொத்தமே அஞ்சு கிராம். ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாமே அதுக்குள்ள அடங்கணும்."

டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சொன்ன கணக்கில்லை அது. உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்றுதான் சொல்கிறது. ஆனால் அப்பாவுக்கு மோரில் போட்டுக் கலக்கவே அது காணாது! கொய்யாப்பழத்துக்கு உப்பு, மாங்காய்க்கு உப்பு, தர்பூசணிக்குக்கூட உப்பு தொட்டுச் சாப்பிடுகிற ஆசாமி.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் ராஜாஜி தலைமையில் கிளம்பிய உப்பு சத்தியாக்கிரகப் படை, எங்கள் ஊர் வழியாகத்தான் வேதாரண்யம் போய், 30-ம் தேதி உப்பு அள்ளியது. அப்போது பத்து வயசுப் பையனாகத் தெருவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர் எங்கள் தாத்தா. அந்தப் பெருமை அப்பாவின் ரத்தத்தில் இருக்கிறது. (கூடவே சோடியமும் இருந்திருக்கிறது என்பது இப்போதுதானே தெரிகிறது!)

ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "வெள்ளைக்காரன் உப்புக்கு வரிதான்டா போட்டான். இந்த டாக்டர் தடையே போட்டுட்டார்."

முதல் பத்து நாள் வீடு வீடாக இல்லை. அம்மா உப்பைக் குறைத்துச் சமைத்தாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்பார். அம்மா மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு மாமி, "இந்துப்புக்கு மாறிடுங்கோ, அது ஒண்ணும் செய்யாது" என்று யோசனை சொன்னார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரோஸ் கலரில் இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சட்டைதான் வேறே, ஆள் அதே ஆள் என்றார். பொட்டாசியம் கலந்த உப்பு ஒன்று கடைகளில் விற்கிறதே, அது? "கிட்னி எப்படி இருக்குன்னு பார்க்காம அதைத் தொடாதீங்க" என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்.

பதினோராம் நாள், நான் செய்த ஒரு காரியம் நிலைமையை மாற்றியது. நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் வவுச்சருக்கு டிக் அடித்துவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். வீட்டில் சண்டை என்றால் எனக்குத் தெரிந்த ஒரே சமாதானம் கணக்குப் போடுவது. மளிகை பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ உப்பு வாங்குகிறோம். அப்பா, அம்மா, நான், என் மனைவி என்று நாலு பேர். 1,500 கிராமை நாலால் வகுத்து, முப்பதால் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை கிராம்! கொஞ்சம் வடித்த கஞ்சியோடும் கழுவின தண்ணீரோடும் போயிருக்கும். இருந்தாலும், இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு.

அப்பா பேப்பரை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தார். கணக்கு என்று வந்துவிட்டால் அவர் கோபம் இறங்கிவிடும். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "சரி, சமையலுக்கு மாசம் நானூறு கிராம். மீதி அப்பளம், ஊறுகாயில வந்துடும். பாக்கி ஆயிரத்து நூறு கிராமை வேற தலைப்புக்கு மறு ஒதுக்கீடு பண்றேன்" என்றார்.

"அதை வாங்காமலே இருந்துடலாமே மாமா?" என்றாள் என் மனைவி.

"ஒதுக்கின தொகையைச் செலவு பண்ணலேன்னா அடுத்த வருஷம் குறைச்சிடுவாங்கம்மா" என்றார் அப்பா சீரியஸாக. தாலுகா ஆபீஸ் ரத்தம்!

மறுநாள் சமையல் உப்பு, அயோடின் கலந்தது, நானூறு கிராம் நிறுத்து ஒரு சின்ன ஜாடியில் அம்மாவின் பொறுப்புக்குப் போனது. கல்லுப்பு ஒரு பெரிய பீங்கான் ஜாடியில் அப்பாவின் பொறுப்புக்கு வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கினார். அட்டையில் 'உப்பு - வீட்டுப் பராமரிப்பு' என்று எழுதினார். ஆரம்பமாயிற்று அமர்க்களம்.

முதல் பதிவு, பூஜை அலமாரி. கறுத்துப் போயிருந்த பித்தளைக் குத்துவிளக்கையும் செம்புச் சொம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டுத் தேய்த்தார். புளியும் உப்பும் சேர்த்து அம்மா காலம்காலமாகச் செய்கிற வேலைதான். புளிப்பு அந்தக் கறுப்புப் படிவத்தைக் கரைக்கும். உப்பு அந்த வேலையை முடுக்கிவிடுவதோடு, தேய்க்கவும் உதவும். பத்து நிமிஷத்தில் விளக்கு கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது. ஒரே நிபந்தனை, நன்றாகக் கழுவித் துணியால் துடைத்து வைக்க வேண்டும். உப்பு தங்கினால் பச்சை பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தோசைக்கல். ஓரமெல்லாம் கரி ஏறி, தோசை எடுக்க வந்தால் கல்லோடு ஒட்டிக்கொண்டு அழும். கல்லை இளஞ்சூடாக்கி, ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு, மடித்த துணியால் தேய்த்தார். கரியெல்லாம் உப்போடு வந்துவிட்டது. உடனே கழுவி, ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தார். உப்போடு ராத்திரி முழுக்க விட்டால் மறுநாள் துருப்பிடித்த கல்லில் செங்கல் கலரில்தான் தோசை வரும்.

மூன்றாவது, ஆபீஸ் போகிற இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. ஃபிளாஸ்க்! என் மனைவி ஆபீஸுக்குக் காபி கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கைத் திறந்தால், போன மாசக் காபியும் சேர்ந்து வாசனை அடிக்கும். கை உள்ளே நுழையாது. அப்பா, இரண்டு ஸ்பூன் கல்லுப்பு, ஒரு ஸ்பூன் அரிசி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடி, கோயில் மணி ஆட்டுகிற மாதிரி இரண்டு நிமிஷம் ஆட்டினார். கொட்டினால் காபித் தண்ணீர் மாதிரியே வந்தது. எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் உப்புத் தண்ணீரை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், உள்ளே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ஆட்டினோமா, அலசினோமா என்று இருக்க வேண்டும். டீக்கறை படிந்த பீங்கான் கப்புக்கும் இதே மருந்துதான். ஈர விரலில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். ஆபீஸில் உங்கள் கப்பைப் பார்த்து மேனேஜர் முகம் சுளிக்க மாட்டார். (இன்க்ரிமென்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.)

காலிஃபிளவர் வாங்கினால் மஞ்சளும் உப்பும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம். உள்ளே குடியிருக்கும் புழுக்கள் வாடகை பாக்கி வைக்காமல் காலி பண்ணிக்கொண்டு மிதக்கும். தொண்டை கட்டினால் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது. "துப்பிடறதால இது சாப்பாட்டுக் கணக்குல வராது" என்று நோட்டில் குறிப்பே எழுதியிருக்கிறார்.

அவர் பெரிய ஹீரோ ஆனது இந்தச் சித்திரையில். மன்னார்குடி அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கிய நேரம், கரண்ட் போய் நாலு மணி நேரம். ஃபிரிட்ஜ், வெறும் அலமாரி. வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத், அதுவும் வெந்நீர் சூட்டில்! அப்பா என்னை அனுப்பிக் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வரச்சொன்னார். பிளாஸ்டிக் பக்கெட்டில் அதை உடைத்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, நாலு கை கல்லுப்பைத் தூவி, சர்பத் பாட்டில்களை உள்ளே புதைத்தார். கால் மணி நேரத்தில் பல் கூசுகிற ஜில்! குல்ஃபி ஐஸ்காரர்கள் பானையில் செய்கிற அதே வித்தை. உப்பு சேர்ந்தால் ஐஸ், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கான சூட்டைப் பக்கத்தில் இருக்கும் பாட்டிலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அளவாகச் சேர்த்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்குமாம். அதனால் ஆர்வக்கோளாறில் அந்தப் பக்கெட்டில் கையை விட்டு வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அத்தை தம்பியைப் பெருமையாகப் பார்த்து, "உனக்கு உப்பு போட வேண்டிய இடம் தெரியுது" என்றாள். அப்பாவின் முகத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

இந்த வெற்றி தலைக்கேறியதில் வந்தவைதான் மூன்று தோல்விகள்.

தோல்வி ஒன்று. மிக்ஸி பிளேடு மழுங்கினால் கல்லுப்புப் போட்டு ஓட்டினால் கூர்மையாகும் என்று அம்மா கட்சி. ஓட்டினார்கள். சத்தம் பலமாக இருந்தது. சட்னி பழையபடி திப்பி திப்பியாகத்தான் வந்தது. உப்பு எஃகைவிட மெத்தான பொருள். மெத்தானது கடினமானதைத் தீட்டாது. பிளேடில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பசை போனது என்னவோ உண்மை. அப்பா நோட்டில் 'சுத்தம் - ஆம். கூர்மை - இல்லை' என்று எழுதினார். அம்மா இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

தோல்வி இரண்டு. தென்னங்கன்று நடும்போது குழியில் உப்புப் போடுவது ஊர் வழக்கம் அல்லவா? அந்த ஞாபகத்தில் பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்கு இரண்டு பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தென்னை கடற்கரையில் பிறந்த ஜாதி, உப்பைத் தாங்கும். கறிவேப்பிலை பாவம். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் வாடியது. ஒரே வாரத்தில் தொட்டி காலி.

தோல்வி மூன்று, என் சட்டை. தீபாவளிக்கு வாங்கிய கருநீலச் சட்டை. புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் போகாது என்று சொல்லி, அந்தத் தைரியத்தில் என் நாலு வெள்ளை பனியன்களையும் கூடவே ஊறவைத்துவிட்டார். சாயம் போகத்தான் செய்தது, நேராக பனியனுக்கு! பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சிநேகிதனைக் கேட்டேன். "சாயம் ஏத்தும்போது உப்பு வேணும்டா. கரைசல்ல இருக்கற சாயத்தை நூலுக்குள்ள தள்ளிவிடும். ஏத்தி முடிச்ச துணியில மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கிற சாயத்தை அது பிடிச்சு வைக்காது. முதல் ரெண்டு மூணு தடவை தனியாத் துவை, அவ்வளவுதான்" என்றான். நியாயம். ஆனால் அப்பா பக்கெட்டில் அவ்வளவு உப்புப் போட்டிருந்ததால், போன சாயம் பனியன் நூலுக்குள் நன்றாகவே தள்ளப்பட்டிருந்தது. இன்றைக்கும் நான் நீல பனியன்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. அப்பா தட்டை உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி என்று அம்மா ஏதேதோ செய்து ருசியை இழுத்துக்கொண்டு வந்தாள். நாக்கும் சில வாரங்களில் பழகிவிட்டது. ஒருநாள் கல்யாண வீட்டு சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "என்னடா இது, கடலைக் கரைச்சு ஊத்தியிருக்காங்க?" என்றார். மாத்திரையும் உப்புக் கணக்குமாகச் சேர்ந்து, மூன்று மாதத்தில் பிரஷர் 138/84-க்கு வந்தது. வீட்டிலேயே பார்க்க ஒரு மிஷினும் வாங்கி, உப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். நான் கட்டுரை ஒன்றை முடிக்க வேண்டிய அவசரத்தில், இருநூறு கிராம் மிக்ஸர் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தனக்குப் பார்த்து முடித்துவிட்டு, மிஷினோடு என்னிடம் வந்தார்.

"டேய், கையை நீட்டு."

"எனக்கெதுக்குப்பா? எனக்கு முப்பத்தாறு வயசு."

"நீட்டுடா."

152/98.

"மிஷின் கோளாறுப்பா" என்றேன். அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 150/96. அடுத்த மூன்று நாளும் காலை, மாலை பார்த்தார். மிஷின் பேரில் தப்பில்லை.

எனக்குத் தலை சுற்றவில்லை. தரை ஆடவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. "அதான் ஆபத்தே. பெரும்பாலும் இது சொல்லிட்டு வராது. பார்த்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். ஒரு மாசம் தவணை கொடுத்தார். நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும், உப்பு குறைய வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் மாத்திரை டப்பாவில் எனக்கும் ஒரு அறை.

"வீட்டுலதான் உப்பு குறைஞ்சிடுச்சே, எனக்கு எப்படி?" என்று அப்பாவிடமே கேட்டேன். அவர் பதில் பேசாமல் மிக்ஸர் பாக்கெட்டைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். நூறு கிராமுக்கு சோடியம் 900 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. "சோடியத்தை ரெண்டரையால பெருக்கினா உப்பு. நீ பி.காம்.தானே, போடு கணக்கை" என்றார்.

போட்டேன். நூறு கிராமுக்கு 2.25 கிராம். இருநூறு கிராம் பாக்கெட்டுக்கு நாலரை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய உப்பைப் படிக்கட்டில் உட்கார்ந்து கொறிக்கிற மாதிரி கொறித்திருக்கிறேன். காலை ஹோட்டல் சாம்பார், மத்தியானம் தயிர்சாதத்துக்கு ஊறுகாய், நாலு மணி டீக்கடை பஜ்ஜி எல்லாம் இதில் சேரவில்லை. ஊரார் வவுச்சரையெல்லாம் ஆடிட் பண்ணினவன், சொந்த வாய்க்குப் போனதற்குக் கணக்கு வைக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டார். "என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ நீ ராத்திரியெல்லாம் வராந்தாவுல உக்காந்திருந்தே. அதையே நான் இந்த வயசுல உனக்காகச் செய்ய முடியாதுடா" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் குத்துவிளக்கைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மிக்ஸரை அன்றைக்கு விட்டேன். சாயந்தரம் பொரிகடலை. காலையில் அப்பாவும் நானும் சேர்ந்து நடக்கிறோம். ஒரு மாசம் கழித்து 136/86. "பரவாயில்லை, ஆனா கணக்கை மூடிடாதீங்க" என்றார் டாக்டர். உங்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆபீஸ் பக்கத்தில் ஏதாவது ஒரு கிளினிக்கில், டீக்கு எழுந்து போகிற நேரத்தில், ஒரு தடவை கையை நீட்டிவிட்டு வாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரம். "அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே கண்ணுதான் பட்டிருக்கு" என்று அம்மா எங்கள் இருவரையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி கல்லுப்பை அள்ளி, இடம் மூன்று, வலம் மூன்று என்று சுற்றி, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டாள். கரையட்டும் என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு எடுத்தே?" என்றார் அப்பா.

"கைப்பிடிதாங்க. இதுக்குமா கணக்கு?"

அப்பா நோட்டை எடுத்தார். 'திருஷ்டி - 2 நபர் - 30 கிராம்' என்று எழுதினார். எந்தத் தலைப்பு என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்தில் 'அத்தியாவசியம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.